நான்காம் நாற்காலியும் மூன்றாவது வரியும்

உலகத்தில் ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பர் பாட்டின் இசைத்தட்டுகளை முறையாகக் கேட்டவர்கள் மொத்தம் மூன்றே பேர். முதலாமவர் அதைப் பாடியவர். கண்ணை மூடிக்கொண்டு பாடியதால் அவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. இரண்டாமவர் அதைப் பதிவு செய்த மெஷின்காரர். அவருக்குச் சாப்பாட்டு நேரம், கவனம் இல்லை. மூன்றாமவர் சித்தி. குடிநீர் வாரியம், புகார்ப் பிரிவு, கீழ்த்தளம், நான்காம் நாற்காலி. சித்தி ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்து "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தால், கடல் தாண்டிப் புதைக்கப்பட்ட பாடகர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். இதற்குச் சாட்சி கிடையாது. இல்லை என்று சொல்லவும் சாட்சி கிடையாது.

இதை எழுதுகிறவள் சித்தியின் அக்கா மகள். அம்மாவுக்கு வெளியூரில் வேலை என்பதால், "உன் வீட்ல இருந்து படிக்கட்டும்" என்று சித்தியிடம் விடப்பட்டவள். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெஞ்சு சரியில்லை என்று எழுந்து வந்துவிட்டாள். ப்ளூஸ் அவளுக்கு ஆகவே ஆகாது. வயிற்றுவலி வந்த கிழட்டுப் பூனைக்குக் கித்தார் வாங்கிக் கொடுத்தது போலிருக்கும் என்பது அவளுடைய முடிந்த முடிவு. ஆகவே இங்கே ஒருதலைப்பட்சமாக எதுவும் எழுதப்பட்டிருக்காது என்று வாசகர்கள் நம்பலாம்.

முதலில் அந்த அறை. முன்பு பழைய தண்ணீர் மீட்டர்களைக் குவித்துவைக்கும் இடம் அது. மீட்டர்களை வெளியே எடுத்துவிட்டு ஆட்களை உள்ளே போட்டார்கள். ஆறு மேசை, ஆறு நாற்காலி, காதில் மாட்டிக்கொள்ளும் ஆறு ஹெட்போன். ஹெட்போனின் வயர் ஒன்றரை மீட்டர். காலை எட்டு மணியிலிருந்து நான்கு மணி வரை சித்தியின் உலகம் அந்த ஒன்றரை மீட்டர்தான். கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் சுவரில் ஆணியில் தொங்கும் சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். இருப்பது ஒரே அட்டை. அது ஆணியில் இல்லையென்றால் வயிறு பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். "ஜன்னல் வேண்டும்" என்று ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். வாரியம் தீவிரமாக யோசித்து, அருவிப் படம் போட்ட காலண்டர் ஒன்றை அனுப்பியது. அது மூன்று வருடம் பழையது. சித்தி பதினொரு வருடம் பழையவள்.

வேலைக்கு ஒரு விதி உண்டு. புகார் சொல்பவர் சொன்னதை நாற்காலியில் இருப்பவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லவேண்டும். முதல் தடவை, காதில் விழுந்தது என்பதற்கு. இரண்டாம் தடவை, சரியாக விழுந்தது என்பதற்கு. மூன்றாவதாக ஒரு வாக்கியம், அச்சடித்த தாளில் இருக்கும், கமா கூட மாறக் கூடாது.

"எங்க தெருவுல எட்டு நாளா தண்ணி வரலம்மா."

"உங்க தெருவுல எட்டு நாளா தண்ணி வரலை."

"அதத்தான் சொல்றேன்."

"எட்டு நாளா உங்க தெருவுல தண்ணி வரலை. உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. தயவுசெய்து காத்திருக்கவும்."

பிறகு அவரைக் காக்க வைத்துவிட்டு, அந்தப் பகுதியின் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு போன் போடவேண்டும். பிரிவு அலுவலகத்தில் யாரும் எடுக்கமாட்டார்கள். அந்த நேரம் முழுக்கப் புகார்க்காரரின் காதில் ஒரு டியூன் ஓடும். காலிங்பெல்லுக்கு ஜலதோஷம் பிடித்தது போன்ற டியூன். நான்கு நிமிஷத்துக்கு மேல் மனுஷ ஜென்மம் எதுவும் அதைத் தாங்கியதில்லை. போனை வைத்துவிடுவார்கள். வைத்த உடனே, புகார்க்காரர் திருப்தி அடைந்துவிட்டார் என்று கம்ப்யூட்டர் தானாகவே எழுதிக்கொள்ளும்: 'முடிந்தது.'

வாரியத்தில் இப்படித்தான் பிரச்சினைகள் முடிந்தன. நாளொன்றுக்கு நானூறு.

இனி இசைத்தட்டுகள். சித்தி வீடு இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும். முன்பு குடியிருந்தவர் பரணில் ஒரு தகரப் பெட்டியை விட்டுவிட்டு, "ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கறேன்" என்று போனார். ஆறு வருடம் ஆகிறது. உள்ளே ஒரு பிளேயரும் நாற்பத்தொரு ப்ளூஸ் தட்டுகளும் இருந்தன. மேலே இருந்த தட்டின் அட்டையில் ஒரு ஆள், ஒரு மர நாற்காலி, பின்னால் வெறும் சுவர். சித்தி அதைக் கையில் எடுத்து, "அட, நம்ம ஆபீஸ்!" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும், சித்தி அந்தத் தட்டைப் போடுவாள். பஸ் டெப்போவில் நேரம் குறிக்கிற வேலை பார்க்கும் சித்தப்பா தரையில் படுத்திருப்பார். அக்கா மகள் காதில் பஞ்சு வைத்திருப்பாள்.

"ரெண்டு தடவை சொல்றாரு பாத்தியா?" என்றாள் சித்தி ஒருநாள். "கதவு திறக்கலைங்கறாரு. மறுபடியும் கதவு திறக்கலைங்கறாரு."

"மறந்துட்டாரு போல."

"மறக்கலடி. முதல் தடவை சொன்னப்ப யாரும் திரும்பிப் பாக்கல. அதான் இன்னொரு தடவை. நானும் இதத்தான பதினோரு வருஷமா பண்றேன்? இந்த ஆளு எங்க ஆபீஸ்ல ட்ரெயினிங் எடுத்தவரு!"

"அப்ப மூணாவது வரி? உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டதா?"

சித்தி சிரிக்கவில்லை. "அங்கதான் விஷயமே. மூணாவது வரி பதில். வெளியிலேர்ந்து யாரும் சொல்லப் போறதில்லைன்னு தெரிஞ்சுபோச்சு, அதனால அவரே சொல்லிக்கிறாரு. சாவி என் பையிலதான் இருக்கு, கையத்தான் கட்டிப் போட்டிருக்காங்கன்னு. எங்க தாள்ல அப்படி ஒரு வரி கெடையாது."

"எங்க டெப்போ மைக்லயும் ரெண்டு தடவைதான் சொல்றோம்," என்றார் சித்தப்பா கண்ணைத் திறக்காமல். "பஸ் வராது, பஸ் வராதுன்னு. மூணாவது வரிய ஜனங்க சொல்லுவாங்க. அத பொம்பளப் புள்ள முன்னாடி சொல்ல முடியாது."

இந்தப் பழைய தட்டுகள் இன்னமும் எதற்கு என்று யாராவது கேட்டால் சித்தியிடம் ஒரே பதில்தான் இருந்தது: "தப்ப அழிக்காம விட்டிருக்காங்க." அந்தத் தட்டில் நாற்காலி கிறீச்சிடுவது கேட்கும். அந்த ஆள் காலால் தரையைத் தட்டுவது கேட்கும். நான்காவது பாட்டில் யாரோ இருமுகிறார், பாட்டு நிற்கவில்லை, இருமலையும் கூட்டிக்கொண்டு போகிறது. அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், பருத்திக்காட்டிலும் சிறையிலும் ரயில்பாதையிலும் முதுகு ஒடிந்தவர்கள், போக இடமில்லாமல் இருந்த இடத்திலேயே காலைத் தட்டிக்கொண்டு பாடியது என்று அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. சித்தி அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். தனித்தனிப் பாட்டாகக் கேட்கவே விடமாட்டாள். ஒரு பக்கம் என்றால் ஆறு பாட்டும் வரிசையாக. "ஒரு பாட்ட மட்டும் கேட்டா அழுமூஞ்சின்னு நெனப்ப. ஆறும் கேட்டாத்தான், ஆளு உள்ள மாட்டிக்கிட்டே எப்படி உக்காந்திருக்காருன்னு தெரியும்" என்பாள்.

உள்ளே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் சித்திக்கு அனுபவம் போதும் போதும் என்றிருந்தது. அவளுக்கு வெளியே வரவேண்டும்.

வழி ஒன்று இருந்தது. ஊருக்கு வெளியே, இரண்டு மணி நேரத் தூரத்தில், ஏரிக்கரையில் நீரேற்று நிலையம். மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் குறிக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. நான்கு பக்கமும் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஏரி, ஏரிக்கு மேலே வானம், அசல் வானம். தங்குவதற்கு வாரியமே இரண்டு அறை கொடுக்கும். பள்ளிக்கூடம் பக்கத்தில் கிடையாது, ஆகவே அக்கா மகளை விடுதியில் சேர்த்துவிடுவது என்று பேச்சு. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. விடுதியில் டி.வி. இருக்கிறதாம்.

அந்த இடம் காலியானதும் சித்தி விண்ணப்பித்தாள். கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். எதையும் சதவீதமாகவே பேசுவார் என்பதால் அவருக்கு 'நூத்துக்கு நூறு' என்று பெயர். மனைவியிடம் சாப்பாடு எண்பது சதவீதம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மீதி இருபது சதவீதம் எங்கே என்று அந்த அம்மாள் ஒரு வாரம் கேட்டதாக ஆபீஸில் கதை உண்டு.

"மூணு மாசம் தொடர்ந்து உங்க நாற்காலி தொண்ணூறுக்கு மேல 'முடிந்தது' காட்டணும்," என்றார். "காட்டுனா ஏரி உங்களுக்கு. ஒரு மாசம் குறைஞ்சாலும் அடுத்த வாய்ப்பு மூணு வருஷம் கழிச்சு."

முதல் மாதம் தொண்ணூற்றிரண்டு. இரண்டாம் மாதம் தொண்ணூற்று நான்கு. டியூன் அவ்வளவு மோசமாக இருந்தது. சித்தி வீட்டில் பழைய துணிகளைப் பிரித்துவைக்க ஆரம்பித்தாள். இரண்டு நாற்காலிகளை ஏரியைப் பார்த்து எப்படிப் போடுவது என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாள். சித்தப்பா அந்தக் கோட்டைத் தாண்டித்தான் குளிக்கப் போனார்.

மூன்றாம் மாதம் ஆறாம் தேதி, காக்கவைக்கும் டியூனை ஓட்டுகிற பெட்டி புகை விட்டுச் செத்துப்போனது.

புதுப் பெட்டி வந்தது. அதில் பென்டிரைவ் செருகினால் உள்ளே இருப்பது ஓடும். ஆனால் டியூன் வரவில்லை. "யாராச்சும் ஒரு பாட்டு கொண்டாங்கப்பா," என்றார் நூத்துக்கு நூறு. "நான்காம் நாற்காலி பாட்டெல்லாம் கேப்பாங்களாமே? நீங்களே பாத்துக்கங்க. அலமாரிச் சாவியும் நீங்களே வச்சுக்கங்க."

சித்தி அன்று சாயங்காலம் பென்டிரைவை அக்கா மகளிடம் கொடுத்து, "புல்லாங்குழல் ஏதாச்சும் ஏத்திக் குடுடி. நாலு நிமிஷம் இருந்தா போதும்" என்றாள். அக்கா மகள் சொன்னபடிதான் செய்தாள். ஆனால் அவளுடைய போனில் ஏற்கனவே வேறொன்று கிடந்தது. கை தவறி மாறிவிட்டது. இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

மறுநாள் காலை சித்தி அலமாரியைத் திறந்து, பென்டிரைவைச் செருகி, பூட்டிவிட்டு நாற்காலிக்கு வந்தாள். காத்திருக்கும்போது என்ன ஓடுகிறது என்பது நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கேட்காது. காத்திருப்பவர்களுக்குத்தான் கேட்கும். ஆகவே பத்தரை மணி வரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. பத்தரைக்கு ஒரு தையல்காரர் கூப்பிட்டார். பத்தொன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. விதிப்படி இரண்டு தடவை திருப்பிச் சொல்லி, பதிவு செய்து, காக்கவைத்து, பிரிவு அலுவலகத்துக்கு மணியடித்தாள். யாரும் எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அவருடைய விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"சார், லைன்லதான் இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. யாரு இவரு?"

"எவரு?"

"இந்தப் பாடறவரு. பாஷை புரியல. ஆனா ஏதோ ஒண்ண ரெண்டு தடவை சொல்றாரு. நானும் அதத்தானம்மா பண்றேன்? பத்தொம்பது நாளா ரெண்டு தடவை, ரெண்டு தடவை."

சித்தி குரலைத் தாழ்த்தினாள். "காலத் தட்டறது கேக்குதா சார்?"

"கேக்குது. நானும் மெஷின மிதிச்சுக்கிட்டேதான் கேக்கறேன். நீங்க அவசரப்படாதீங்க, பொறுமையா விசாரிச்சுட்டு வாங்க. அவரு முடிக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் சித்தி பையைக் கூட வைக்காமல் கேட்டாள்: "என்னடி ஏத்துன?"

"புல்லாங்குழல்."

"புல்லாங்குழல் எப்படிடி கதவு திறக்கலன்னு பாடும்?"

"ஐயையோ. கை தவறி மாறிடுச்சு சித்தி."

சித்தி அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு, "சரி, நாளைக்கு மாத்திக்கலாம். புல்லாங்குழல ஏத்தி வை" என்று கால் கழுவப் போனாள்.

நாளைக்கு மாற்றவில்லை. நாளன்றைக்கும் மாற்றவில்லை. ஒரு வாரம் ஓடியது. பெட்டி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்காது; அது பாட்டுக்குத் திறந்துவிட்ட குழாய் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும், கூப்பிடுகிறவர் நடுவில் எங்கேயாவது போய் விழுவார். ஆகவே ஜனங்கள் தொடர்கதை மாதிரி விசாரிக்க ஆரம்பித்தார்கள். "நேத்து கோவமா ஒரு பாட்டு பாடினாரே, இன்னைக்கு சமாதானம் ஆயிட்டாரா?" என்றாள் குழாய் உடைந்த ஒரு அம்மாள். "பாதியில இருமறாரே, மருந்து சாப்பிடச் சொல்லுங்க," என்றார் இன்னொருவர். தையல்காரர் தினமும் கூப்பிட்டார். "நடுநடுவுல யாரோ கூடவே பாடறாங்கம்மா, சின்னக் குரலு. கடைசியில ஒரு பொண்ணு என்னமோ கேக்குது, யாரும் பதில் சொல்லல," என்றார். தையல் மெஷின் சத்தத்தில் தையல்காரர்களுக்குக் காது கெட்டுப்போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விஷயம் என்னவென்றால், யாரும் போனை வைக்கவில்லை. யாரும் வைக்காததால் எதுவும் முடியவில்லை. சித்தியின் நாற்காலியின் தினக் கணக்கு எண்பத்தெட்டுக்கு வந்தது, எழுபத்தொன்பதுக்கு வந்தது. மற்ற ஐந்து நாற்காலியிலும் அதே கதி. விளக்குகள் அணையாததால் பிரிவு அலுவலகங்களுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடி தாங்காமல் சில இடங்களில் எடுத்தே விட்டார்கள். எடுத்தவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது.

நூத்துக்கு நூறு கீழே இறங்கி வந்தார். அவர் கீழ்த்தளத்துக்கு வந்தால் காலண்டரில் உள்ள அருவிகூடச் சற்று நின்றுவிடும்.

"என்னம்மா மந்திரம் போடறீங்க? ஒருத்தனும் வைக்க மாட்டேங்கறான்! ரொம்ப இனிப்பா பேசறீங்களா?"

"தாள்ல இருக்கறததான் சார் பேசறோம்," என்றது முதல் நாற்காலி.

அவர் சித்தியின் பக்கம் குனிந்தார். "இன்னும் ஒம்போது நாள் இருக்கு. இப்பலேர்ந்து தொண்ணூத்தேழு காட்டுனா மாசச் சராசரி தொண்ணூறு வந்துரும். எனக்கு உங்கள அனுப்பணும்னுதான் ஆசை. ஏரி வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

காரணம் என்ன என்பது அந்தக் கட்டடத்திலேயே சித்தி ஒருத்திக்குத்தான் தெரியும். புல்லாங்குழல் ஏற்றிய இன்னொரு பென்டிரைவ் கைப்பையில் இருந்தது. அலமாரிச் சாவி அதே பையில். மாற்றிச் செருகினால் அரை நிமிஷ வேலை. பிறகு நான்கு நிமிஷத்தில் விளக்குகள் அணையும், சதவீதம் ஏறும், ஜன்னல் திறக்கும். சாவி தன் பையில்தான் இருக்கிறது என்று அந்த ஆள் பாடுவது சித்திக்கு அன்று மத்தியானம் முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்தபோது, அவள் சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கழிவறைக்குப் போகாமல் நடைவழியில் இருக்கும் அலமாரிக்குப் போனாள்.

உள்ளே பெட்டி. பெட்டியின் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள். ஒரு விளக்கு என்றால் காத்திருக்கும் ஒரு ஆள். பதினான்கு எரிந்துகொண்டிருந்தன. பக்கவாட்டில், லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பழைய ரிசீவர் தொங்கியது. சித்தி ஒரு கையில் பென்டிரைவை வைத்துக்கொண்டு, மறு கையால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

பதினொரு வருடத்தில் காத்திருப்பவர் பக்கம் அவள் நின்றது அதுதான் முதல் தடவை.

வீட்டில் கேட்பது போல் இல்லை. போன் வழியாக வந்ததில் குரல் மெலிந்து, கித்தார் தகரமாகி, ஒரு நூல் அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் கால் தட்டுவது அப்படியே இருந்தது. மூன்றாவது பாட்டு. இரண்டு தடவை சொல்லிவிட்டு அந்த ஆள் மூன்றாவது வரிக்கு வரும்போது பதினான்கு விளக்கில் ஒன்றுகூட அசையவில்லை. முன்பெல்லாம் விளக்கு அணையும்போது சித்திக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். அப்பாடா, ஒன்று முடிந்தது. அது ஒரு ஆள் சலித்துப்போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைக்க அவர்கள் தாளில் இடமில்லை.

நான்காவது பாட்டு வந்தது, இருமல் வந்தது. ஐந்தாவது, ஆறாவது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. உள்ளே யாரோ, "சிவப்பு அட்டைய யாரு கொண்டு போனது? ஆத்திர அவசரம் புரியாம!" என்று கத்தினார்கள். சித்தி நகரவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து முள் கரகரவென்று ஓடும் அந்தச் சில விநாடிகளில் அவள் ரிசீவரை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். அங்கே எதையோ கேட்டாள். அவள் முகம் எப்படியோ ஆயிற்று என்று அட்டையைத் தேடி வந்த இரண்டாம் நாற்காலி பிற்பாடு சொன்னாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லையாம்.

பென்டிரைவை மறுபடி கைப்பையில் போட்டாள். அலமாரியைப் பூட்டினாள். அட்டையைக் கழற்றி இரண்டாம் நாற்காலியின் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஒன்றரை மீட்டர் வயரைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாதக் கடைசியில் எழுபத்தாறு. ஏரி, பில் பிரிவில் வேலை பார்த்த யாரோ ஒருவருக்குப் போயிற்று. நூத்துக்கு நூறு, "எனக்கு எழுபது சதவீதம் வருத்தம்மா," என்றார். புரட்சி எதுவும் வெடிக்கவில்லை. மூன்று தெருவுக்குத் தண்ணீர் வந்தது, அதில் ஒன்று தையல்காரருடையது. வந்த பிறகும் அவர் கூப்பிட்டார். "புகார் ஒண்ணும் இல்லம்மா. ரெண்டாவது பாட்டு விட்டுப்போச்சு, கொஞ்சம் காக்க வைங்க," என்றார். சித்தி காக்கவைத்தாள்.

வீட்டில் தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டைச் சித்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஈரத்துணியால் துடைத்தாள். ஒரு நாற்காலி சுலபமாகப் போயிற்று. இன்னொன்று சிமெண்ட் பிளவில் இறங்கியிருந்தது, போகவில்லை. இன்னும் இருக்கிறது. மூன்று வருடம் என்பது ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள். ஞாயிறு போக அத்தனை நாளும் அவள் மறுபடி அதே படிக்கட்டில் கீழே இறங்கவேண்டும். அந்த மத்தியானம் தட்டைப் போடவில்லை. சித்தப்பா தூங்குவது போல் படுத்திருந்தார். அக்கா மகளை விடுதியில் சேர்ப்பது பற்றி யாரும் பேசவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். டி.வி. போச்சு.

சித்தியின் கதை இவ்வளவுதான் என்று முடித்து, பேனாவை மூடி, இதை அக்கா மகள் சித்தியிடம் படிக்கக் கொடுத்தாள். பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் அப்படித்தான் செய்வார்களாம். சித்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புகார்த் தாளைப் படிப்பது போல விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். பாடகர் காலரைச் சரிசெய்யும் இடத்தில் சிரித்தாள். ஏரி போன இடத்தில் தாளைப் புரட்டினாள். கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"பூனைக்கு வயித்துவலியா?"

"ஆமா."

"அந்தப் பூனைய போன்ல எதுக்குடி பதிவு பண்ணி வச்சிருந்த?"

அக்கா மகளுக்குத் திடீரென்று மேசை விரிப்பில் ஒரு நூல் பிரிந்திருப்பது கண்ணில் பட்டது. அதை இழுத்தாள்.

"தையல்காரருக்குக் காது நல்லாத்தான் இருக்கு," என்றாள் சித்தி. "நான் கேட்ட நாலு பாட்டுக்கும் கூடவே பாடியிருக்க. ஒரு வார்த்த மாறல. இருமற எடத்துல நீயும் சேந்து இருமியிருக்க. கடைசியில சித்தப்பாகிட்ட கேக்கற, ஏரிக்குப் போறப்ப இந்தத் தட்டுப் பெட்டியையும் எடுத்துட்டுப் போயிடுவீங்களான்னு. அந்தக் கும்பகர்ணன் குறட்டைதான் விடறாரு. பதிலே சொல்லல."

தரையில் சித்தப்பாவின் குறட்டை சட்டென்று நின்றது.

"இதக் கேட்டா யாரும் போனை வைக்க மாட்டாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியும். எப்படித் தெரியும்? உன்னால எந்திரிச்சுப் போக முடியல, அதனால தெரியும்."

"சித்தி, அது வந்து..."

சித்தி தாள்களைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்தாள். பிறகு இன்னொரு தாளை எடுத்து, இன்னொரு வரியில் வைத்தாள். குரல் ஆபீஸ் குரலாக மாறியது. ஆனால் கண் மட்டும் ஆபீஸில் இல்லை.

"கை தவறி மாறிவிட்டதுன்னு இங்க ஒரு தடவ எழுதியிருக்க. கை தவறி மாறிடுச்சுன்னு இதோ இங்க ரெண்டாவது தடவ. சரி, ரெண்டும் காதுல விழுந்துச்சு." தாள்களை அவள் பக்கம் தள்ளிவிட்டு, மூடியிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினாள். "மூணாவது வரி எங்கடி?"